வாசல்களின் வரலாறு: சென்னையின் பழம்பெரும் விடுதிகள்

வீடு உறவினர்க்கு உரியது. கோயில் அடியார்க்கு உரியது. விடுதியோ ஊருக்குப் புதியவர்க்கு உரியது. ஆதலின், ஒரு சமுதாயம் முன்பின் அறியாதவரை எவ்வாறு நோக்கிற்று என்பதற்குச் செங்கல்லிலும் சுண்ணாம்பிலும் எழுதப்பெற்ற சான்றாக விடுதிக் கட்டடங்கள் விளங்குகின்றன. ‘விருந்து’ என்னும் சொல் பழந்தமிழில் புதுமையைக் குறித்தது. தொல்காப்பியர் அச்சொல்லை அப்பொருளிலேயே ஆள்கின்றார். புதியவர் என்ற பொருளிலிருந்து அவருக்கு இடும் உணவு என்ற பொருள் கிளைத்தது. புதியவரை மறந்துவிட்டு உணவை மட்டும் விருந்தென நினைப்பது பிற்கால வழக்கு.

சென்னையின் பழம்பெரும் விடுதிகளைப் பற்றி மேற்கு மலை அடிவாரத்து இராசிங்காபுரத்திலிருந்து எழுதுவானேன் என்று வட்டத்து அன்பர்கள் வினவலாம். வழிநடையின் அருமையை அறிந்தவர்கள் நாம். முந்தலைக் கடந்து போடிமெட்டு ஏறியவர்களும், குரங்கணி வழியே டாப் ஸ்டேஷன் சென்றவர்களும், பொழுது சாய்வதற்குள் ஒரு கூரை கிடைக்குமா என்ற கவலையைச் சுமந்தே நடந்தனர். ஏலத்தோட்டங்களில் துரைமாருக்கு அகன்ற தாழ்வாரமுடைய பங்களாவும், தொழிலாளர்க்கு ஒட்டி நிற்கும் ஒற்றையறை லயமும் எழுந்ததைக் கண்டவர்கள் நம் முன்னோர். ஒருவர் தங்கும் இடத்தைக் கொண்டே அவர் தகுதியை அளந்த காலம் அது. அந்த அளவுகோல் ஒரு பெருநகரத்தில் எவ்வாறு இயங்கியது, எவ்வாறு முறிந்தது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அம்பலமும் சத்திரமும்

வழிப்போக்கர்க்குத் தங்குமிடம் அமைத்தல் தமிழகத்தில் தொன்மையான அறமாகும். மணிமேகலைக் காப்பியத்தில் வரும் உலக அறவி என்னும் அம்பலம் அதற்கு இலக்கியச் சான்று. அமுதசுரபி ஏந்திய மணிமேகலை பசித்தோர்க்கும் பிணியுற்றோர்க்கும் உணவு வழங்கியது அவ்விடத்திலேயாகும். கூரையும் சோறும் ஒரே அறத்தின் இரு கூறுகளாகக் கருதப்பட்டன.

நாயக்கர் காலத்தில் இவ்வறம் பெருஞ்சாலைகளைத் தழுவிப் பரவியது. 1689 முதல் 1706 வரை மதுரையை ஆண்ட இராணி மங்கம்மாள் சாலைகளுக்கும் சத்திரங்களுக்கும் பெயர் பெற்றவர். மதுரை இரயில் சந்திப்புக்கு எதிரே அவர் பெயரால் அமைந்த சத்திரம் இரயிலுக்கும் மிக முற்பட்டது. தஞ்சை மராத்தியர் இராமேசுவரம் செல்லும் வழியெங்கும் சத்திரங்கள் கட்டினர். ஒரத்தநாட்டு முக்தாம்பாள் சத்திரம் அவற்றுள் சிறந்ததாகும். இரண்டாம் சரபோசி மன்னர் 1801இல் ஆங்கிலேய அதிகாரிக்கு எழுதிய மடல் சத்திரங்களின் பணிகளை விரிவாக எடுத்துரைக்கிறது. வழிப்போக்கர்க்கு உணவு, நோயுற்றோர்க்கு மருத்துவம், பிள்ளைகட்குக் கல்வி, பேறுகாலப் பெண்டிர்க்குப் பாதுகாப்பு ஆகிய அனைத்தும் ஒரு கூரையின்கீழ் நிகழ்ந்தன என்று அம்மடலால் அறிகிறோம்.

மேலைநாட்டு ‘ஓட்டல்’ என்ற சொல்லின் பிறப்பும் இதனோடு ஒத்திருப்பது வியப்புக்குரியது. ஓட்டல், ஆஸ்பிட்டல் ஆகிய இரண்டும் ஒரே இலத்தீன் வேரினின்று தோன்றியவை. அவ்வேர்ச்சொல் விருந்தினரையும் விருந்தளிப்பவரையும் ஒருங்கே குறித்தது. நோயாளிக்கும் வழிப்போக்கர்க்கும் ஒரே வாசல் இருந்த காலத்தின் எச்சம் அது.

சத்திரத்தின் கட்டட அமைப்பும் அதன் நோக்கத்தைக் காட்டுவதாகும். தெருவை நோக்கிய நீண்ட திண்ணை. தூண் வரிசை தாங்கிய தாழ்வாரம். நடுவே வானம் பார்த்த முற்றம். பின்கட்டில் மடைப்பள்ளியும் கிணறும். திண்ணைக்குக் கதவில்லை. உள்ளே இடமில்லாதவனும் திண்ணையில் தலைசாய்க்கலாம். தெருவுக்கும் கட்டடத்திற்கும் இடையே திண்ணை ஒரு நடுநிலமாக நின்றது.

ஆயின், இவ்வறத்தை முற்றும் குறைவற்றதாகப் போற்றுதல் வரலாற்று நேர்மையாகாது. திண்ணை பொதுவாக இருந்த பல இடங்களில் பந்தி பொதுவாக இருக்கவில்லை. இன்ன குலத்தார்க்குச் சமைத்த உணவு, இன்ன குலத்தார்க்கு அரிசியும் பருப்பும் என வகுத்த அறக்கட்டளைகள் பல. கிணற்றருகே செல்ல இயலாதோரும், திண்ணைக்கே வர இயலாதோரும் இருந்தனர். சத்திரத்தின் வாசல் காசு கேட்கவில்லை. ஆனால் குலம் கேட்டது. இவ்வொரு செய்தியை மனத்திற் கொண்டால்தான் பின்னர் வந்த ஓட்டலின் வரலாறு நமக்கு விளங்கும்.

கடற்கரையை விட்டு விலகிய விடுதிகள்

ஆசியாவின் பழம்பெரும் விடுதிகள் பெரும்பாலும் துறைமுகங்களின் பிள்ளைகள். கொழும்பில் 1864இல் காலி முகத்திடல் விடுதியும், 1875இல் கிராண்ட் ஓரியண்டல் விடுதியும் திறக்கப்பெற்றன. பாரசீகத்திலிருந்து வந்த ஆர்மீனியரான சார்க்கீஸ் உடன்பிறப்பினர் பினாங்கில் 1885இல் ஈஸ்டர்ன் விடுதியையும், சிங்கப்பூரில் 1887இல் இராபிள்ஸ் விடுதியையும் தொடங்கினர். 1869இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பெற்றதும் நீராவிக் கப்பல்களில் பயணிகள் பெருகினர். கப்பலிலிருந்து இறங்குவோர் கண்ணில் முதலில் படுமாறு கடலை நோக்கி முகப்பு வைத்தலே அவ்விடுதிகளின் கட்டட இலக்கணமாயிற்று.

சென்னையின் நிலை வேறு. இங்கு இயற்கைத் துறைமுகம் இல்லை. கப்பல்கள் அலைகளுக்கு அப்பால் நங்கூரமிட, பயணிகள் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளில் கரை சேர்ந்தனர். 1870களில் தொடங்கிய துறைமுகப் பணியையும் 1881இல் வீசிய புயல் சிதைத்தது. ஆகவே சென்னையின் பெருவிடுதிகள் கடலை நோக்கி நிற்கவில்லை. கோட்டையிலிருந்து பரங்கிமலைக்குச் செல்லும் மவுண்ட் ரோட்டை, அஃதாவது இன்றைய அண்ணா சாலையை, அடுத்து அவை எழுந்தன. அங்கே கம்பெனி அதிகாரிகளும் வணிகர்களும் அமைத்த தோட்டவீடுகள் முன்பே இருந்தன.

தோட்டவீடு என்பது சென்னைக்கே உரிய கட்டட வகை எனலாம். பரந்த வளாகத்தின் நடுவே வீடு. வாயிற்கதவிலிருந்து வளைந்து செல்லும் வண்டிப்பாதை. வண்டி மழையில் நனையாமல் நிற்பதற்குத் தூண்கள் தாங்கிய போர்ட்டிகோ. வெயிலைத் தடுக்கும் தாழ்வாரங்கள். காற்று மட்டும் நுழையும் மரச்சட்டச் சன்னல்கள். தேக்கு உத்தரங்களின்மேல் சிறு செங்கற்களைச் சுண்ணாம்புக் கலவையில் குத்திட்டு நிறுத்தி அமைக்கும் மச்சுத்தளத்தைப் பொறியியலார் சென்னையின் பெயராலேயே ‘மெட்ராஸ் டெரஸ்’ என்றழைத்தனர். கடற்சிப்பியைச் சுட்டெடுத்த சுண்ணாம்பை நெய்போல் அரைத்துப் பூசி, கல்லால் தேய்த்துப் பளிங்கின் மெருகேற்றிய தூண்களை வெளிநாட்டார் வியந்து எழுதினர். அவ்வியப்புக்கு உரியவர்கள் நம் ஊர்க் கொத்தனார்களும் சிற்றாள்களும் ஆவர். அவர்கள் பெயரை எந்தக் கல்வெட்டும் தாங்கவில்லை.

சத்திரத்தையும் தோட்டவீட்டையும் ஒப்பிட்டால் ஒரு வேறுபாடு புலனாகும். இரண்டிலும் தூண் உண்டு, தாழ்வாரம் உண்டு. ஆனால் சத்திரத்தின் திண்ணை தெருவைத் தொட்டு நின்றது. தோட்டவீட்டின் தாழ்வாரமோ தெருவிலிருந்து நெடுந்தொலைவு விலகி, சுற்றுச்சுவருக்கும் காவலாளிக்கும் பின்னே ஒதுங்கிற்று. நடந்து வருபவனுக்காக அமைந்தது திண்ணை. வண்டியில் வருபவனுக்காக அமைந்தது போர்ட்டிகோ.

இம்பீரியல் கன்னிமாராவான கதை

சென்னையின் பழம்பெரும் விடுதிகளுள் இன்றும் நிலைத்து நிற்பது கன்னிமாரா. பின்னி சாலையில், ஜான் பின்னி என்ற வணிகரின் பெயரோடு தொடர்புடைய இடத்தில் அது அமைந்துள்ளது. ஆங்கிலப் பெயர்களே சூழ்ந்துள்ளமையால் இதனை ஆங்கிலேயர் படைப்பென்றே பலர் கருதுவர். ஆனால் 1854இல் ‘இம்பீரியல்’ என்ற பெயரில் இதனைத் தொடங்கியவர் திருவல்லிக்கேணி இரத்தினவேலு முதலியார் என்னும் தமிழர். 1886இல் விடுதி வேறு முதலியார் உடன்பிறப்பினரிடம் குத்தகைக்குச் சென்று ‘ஆல்பனி’ ஆயிற்று. 1890இல் ‘கன்னிமாரா’ என்ற பெயரைச் சூடியது. அடுத்த ஆண்டு ஸ்பென்சர் நிறுவனத்தின் உரிமையாளரான யூஜின் ஓக்‌ஷாட் அதனை வாங்கினார்.

கன்னிமாரா என்பது அயர்லாந்தின் மேற்குக் கரையிலுள்ள கரடுமுரடான ஒரு நிலப்பகுதியின் பெயர். 1886 முதல் 1890 வரை சென்னை ஆளுநராயிருந்த இராபர்ட் பர்க் கன்னிமாராப் பிரபு என்று பட்டம் பெற்றவர். 1896இல் திறக்கப்பெற்ற எழும்பூர்ப் பொதுநூலகமும் அவர் பெயரையே கொண்டது. கடல் கடந்து வந்த அப்பெயர் தமிழ்நாவில் ஏறியதும், ஊர்தோறும் நாம் வணங்கும் கன்னிமாரின் பெயரைப்போல் ஒலிக்கலாயிற்று. அயர்லாந்தின் ஒரு பாறைநிலம் தமிழகத்துக் கன்னித் தெய்வங்களின் சாயலைப் பெற்றதை எண்ணிப் பார்ப்பது கவிஞர்க்குச் சுவை பயக்கும். ஒரு நகரில் ஒரே பெயரை ஒரு விடுதியும் ஒரு நூலகமும் தாங்கி நின்றன. நூலகத்தின் வாசலில் ஏழை மாணவனும் நுழைந்து படித்தான். விடுதியின் வாசலை அவன் வெளியே நின்று பார்த்துச் சென்றான்.

1930களில் ஸ்பென்சர் நிறுவனம் இவ்விடுதியைப் பெரிதும் மாற்றிக் கட்டியது. 1937இல் புதிய உருவத்தில் அது திறக்கப்பெற்றது. கிரேக்கத் தூண்களும் முக்கோண முகப்புகளும் ஆண்ட காலம் மாறி, நேர்க்கோடுகளும் வளைந்த மூலைகளும் கொண்ட ‘ஆர்ட் டெகோ’ பாணி உலகெங்கும் பரவிய காலம் அது. திரையரங்குகள், காப்புறுதி அலுவலகங்கள், வங்கிகள் எனச் சென்னையின் பல கட்டடங்கள் அப்பாணியை மேற்கொண்டன. கோயிலையோ அரண்மனையையோ நினைவூட்டாத அப்பாணி, பழைய தகுதி வேறுபாடுகளை மறந்துவிட்டதைப் போன்ற ஒரு தோற்றத்தைத் தந்தது.

கன்னிமாராவுக்கு இணையாக மவுண்ட் ரோட்டில் புகழ்பெற்றிருந்தது டி ஏஞ்சலிஸ் விடுதி. ஜாக்கோமோ டி ஏஞ்சலிஸ் என்பவர் உணவுத் தொழிலில் வளர்ந்து 1906இல் அதனை நிறுவினார். 1910இல் சிம்ப்சன் பட்டறையின் துணையோடு ஒரு வானூர்தியைக் கட்டிச் சென்னையில் பறக்கவிட்டவரும் அவரே. வண்டி கட்டும் பட்டறையில் விமானம் பிறந்ததும், அதனை ஓட்டல்காரர் ஒருவர் ஓட்டியதும் சென்னை வரலாற்றின் சுவையான பக்கங்கள். அவ்விடுதி பின்னர்ப் பொசோட்டோ என்பவரின் கைக்கு மாறிக் காலப்போக்கில் மறைந்தது.

இவ்விடுதிகளின் முன்கட்டில் ஆங்கிலம் பேசப்பட்டது. பின்கட்டில் தமிழ் பேசப்பட்டது. இரண்டுக்கும் பாலமாய் நின்ற பட்லர்களின் மொழியை ‘பட்லர் இங்கிலீஷ்’ என்று நகையாடினர். தாய்மொழி விதிப்படி அயல்மொழிச் சொற்களை அடுக்கித் தன் வேலையை முடித்துக்கொண்ட எளிய மனிதனின் மொழித்திறன் அது. மொழியியலார் பிற்காலத்தில் அதனைத் தனி ஆய்வுப் பொருளாகவே கொண்டனர்.

விடுதியும் மன்றமும்

ஆங்கிலேயர் பெருவிடுதிகளைவிடத் தம் மன்றங்களையே பெரிதும் நாடினர். 1832இல் தொடங்கிய மெட்ராஸ் கிளப்பில் தங்குவதற்கு அறைகளும் இருந்தன. உறுப்பினராகாதவர் அங்கே தங்கவியலாது. இந்தியரோ உறுப்பினராகவே இயலாது. விடுதலைக்குப் பின்னரும் பல ஆண்டுகள் இவ்விலக்கு நீடித்தது. 1873இல் தொடங்கிய காஸ்மாபாலிடன் கிளப் இந்தியர்க்கும் இடமளித்தது என்பதும் இங்கே நினைவுகூரத் தக்கது.

விடுதிக்கும் மன்றத்திற்கும் உள்ள வேறுபாட்டை உதகமண்டலம் நன்கு விளக்குகிறது. ஐதராபாத்தின் பாமர் கம்பெனியில் பங்குதாரரான சர் வில்லியம் இரம்போல்டு 1830களின் தொடக்கத்தில் அங்கு ஒரு மாளிகையை விடுதியாகக் கட்டினார். வெண்ணிறத் தூண்கள் வரிசையாக நிற்கும் அம்மாளிகை 1840களின் தொடக்கத்தில் உதகமண்டல மன்றமாக மாறியது. கட்டடம் மாறவில்லை, தூண்கள் மாறவில்லை, வாசலின் பொருள் மட்டும் மாறிற்று. பணம் கொடுப்பவர் நுழையலாம் என்றிருந்த வாசல், எம்மவர் மட்டுமே நுழையலாம் என்றாயிற்று.

மதுரையிலோ இதன் மறுதலை நிகழ்ந்தது. 1970களில், ஆலை அதிகாரிகளுக்கான மதுரை கிளப்பை இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா வடிவமைத்தார். பழைய கட்டடங்களின் கல்தூண்களையும் மரக்கதவுகளையும் அவர் அதில் பொருத்தினார். பின்னாளில் அம்மன்றம் விடுதியாக மாறியது. எம்மவர்க்கு மட்டும் என்ற வாசல் யாவர்க்கும் என்றாயிற்று, காசுள்ள யாவர்க்கும் என்ற அளவிலேனும். கன்னிமாராவை 1970களில் புதுப்பித்தவரும் இதே பாவாவேயாவர். முற்றம், தாழ்வாரம், நீர்நிலை ஆகிய மூன்றையும் தம் கட்டடங்களில் விரும்பிக் கையாண்டவர் அவர். சத்திரத்தின் உறுப்புகள் அவர் கையால் விடுதிக்குள் மீண்டும் நுழைந்தன எனலாம்.

பம்பாயில் வாட்சன் விடுதியில் இந்தியர் என்பதற்காக நுழைவு மறுக்கப்பட்டதால் ஜாம்ஷெட்ஜி டாட்டா தாஜ்மகால் விடுதியைக் கட்டினார் என்றொரு கதை வழங்குகிறது. அக்கதையை ஐயுறும் ஆய்வாளரும் உளர். 1903இல் தாஜ் திறக்கப்பெற்றதே உறுதியான செய்தி. எனினும், வாசலில் திருப்பியனுப்பப்பட்ட ஒருவர் அதனினும் பெரிய வாசலைக் கட்டினார் என்று மக்கள் நம்ப விரும்பியதே அக்காலத்து மனப்புண்ணைக் காட்டப் போதுமானதாகும்.

உடுப்பியிலிருந்து வந்தவர்கள்

தமிழ்நாட்டில் ‘ஓட்டல்’ என்றால் உண்ணுமிடம். ‘லாட்ஜ்’ என்றால் உறங்குமிடம். ஆங்கிலத்தில் இல்லாத இப்பொருள் வேறுபாடு நம் வழக்கில் எவ்வாறு வந்தது? காப்பிக் கிளப்புகளாகத் தொடங்கி உணவகங்களாக வளர்ந்த கடைகளே நம் மக்கள் அறிந்த முதல் ஓட்டல்கள். தங்கும் பெருவிடுதியின் உட்புறத்தை அவர்கள் கண்டதில்லை. ஆகவே தம் காசுக்குத் திறந்த வாசலுக்கே ஓட்டல் என்று பெயரிட்டனர்.

இவ்விரண்டையும் இணைத்தவர்கள் தென்கன்னடத்திலிருந்து வந்தவர்கள். உடுப்பிப் பகுதியில் எளிய குடும்பத்தில் பிறந்து, சிறுவயதில் அடுக்களை எடுபிடியாக உழைத்த கே. கிருஷ்ணராவ், 1930களின் இறுதியில் இராயப்பேட்டையில் இராமநாதபுரம் அரசரின் மாளிகையைக் குத்தகைக்கு எடுத்து விடுதியாக்கினார். ‘உட்லண்ட்ஸ்’ என்ற அம்மாளிகையின் பெயரே ஒரு குழுமத்தின் பெயராயிற்று. சேதுக்கரைப் பயணிகட்குச் சத்திரங்கள் அமைத்த சேதுபதிகளின் மரபினர்க்குரிய மாளிகை, காசு கொடுத்துத் தங்கும் விடுதியானது காலத்தின் திருப்பமேயாகும். 1952இல் இன்றைய இராதாகிருஷ்ணன் சாலையில் நியூ உட்லண்ட்ஸ் எழுந்தது. தங்கும் அறையும், சைவ உணவும், திருமண மண்டபமும் ஒரே வளாகத்தில் அமைந்தமையால் நடுத்தரக் குடும்பங்கள் முதன்முறையாகப் பெருவிடுதிக்குள் அச்சமின்றி நுழைந்தன.

கே. சீதாராமராவ் 1954இல் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் தாசப்பிரகாஷ் விடுதியைத் திறந்தார். எழும்பூர், சென்ட்ரல் ஆகிய இரு நிலையங்களிலிருந்தும் எளிதில் சென்றடையும் இடம். வளைந்த முகப்பும் கிடைக்கோடுகளும் கொண்ட அக்கட்டடம் ஆர்ட் டெகோ பாணியில் அமைந்தது. கன்னிமாராவில் மேனாட்டு உணவுக்கு உரியதாயிருந்த அப்பாணி இங்கே இட்டலிக்கும் காப்பிக்கும் உரியதாயிற்று. ஐஸ்கிரீமின் சுவையை அங்கே அறிந்தவர்கள் சென்னைக் குடும்பங்களில் பலர்.

1962இல் கதீட்ரல் சாலையில் தோட்டக்கலைச் சங்கத்து நிலத்தில் தொடங்கிய உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் தங்கும் விடுதியன்று. எனினும் இலக்கிய அன்பர்கள் மறக்கவொண்ணாத இடம் அது. வண்டியில் அமர்ந்தவாறே உண்ணலாம் என்ற அமெரிக்க முறையில் தோன்றிய அவ்விடம், மரநிழலில் ஒரு காப்பியோடு மணிக்கணக்கில் பேசலாம் என்ற தமிழ் முறைக்கு மாறிவிட்டது. எழுத்தாளரும் இதழாளரும் மாணவரும் அங்குக் கூடினர். திண்ணை மீண்டும் கிடைத்ததுபோல் இருந்திருக்கும். 2008இல் அது மூடப்பெற்றது. அவ்விடத்தில் 2010இல் செம்மொழிப் பூங்கா திறக்கப்பெற்றது.

வாசலில் நடந்த போராட்டம்

காசுக்குத் திறந்த வாசல் அனைவர்க்கும் திறந்ததா? இவ்வினாவை எழுப்பாமல் தூண்களையும் மாடங்களையும் மட்டும் பாடுவோமாயின் நம் வரலாறு பாதி வரலாறே. இரயில் நிலையத்துச் சிற்றுண்டிச் சாலைகளில் ‘பிராமணாள்’ என்றும் ‘இதராள்’ என்றும் பலகைகள் தொங்கின. ஒரே வண்டியில், ஒரே கட்டணத்தில் பயணம் செய்தவர்கள் உணவு வேளையில் பிரிக்கப்பட்டனர். பெரியாரும் தன்மதிப்பு இயக்கத்தாரும் இடைவிடாது போராடியதன் பயனாக 1941இல் இப்பிரிவினை நீக்கப்பட்டது. 1957இல் திருவல்லிக்கேணியில் ஓர் உணவகத்தின் பெயர்ப்பலகையிலிருந்த சாதிச்சொல்லை நீக்கக் கோரி நடந்த மறியலில் தொண்டர் பலர் சிறை சென்றனர். இவ்விரு நிகழ்ச்சிகட்கும் முன்னதாக, 1939இல், மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் வைத்தியநாத ஐயர் தலைமையில் ஆலய நுழைவு நிகழ்ந்தது. கோயில் வாசலும் ஓட்டல் வாசலும் ஏறத்தாழ ஒரே காலத்தில்தான் திறக்கத் தொடங்கின.

1950 சனவரி 26இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசமைப்பின் 15ஆம் உறுப்பு, சமயம், இனம், சாதி, பால், பிறப்பிடம் காரணமாக எவரையும் கடைகள், பொது உணவகங்கள், ஓட்டல்கள் முதலிய இடங்களில் நுழையவிடாது தடுத்தல் கூடாது என்று விதிக்கின்றது. கிணறுகளையும் குளங்களையும் நீராடுதுறைகளையும் அவ்வுறுப்பு அடுத்துக் குறிப்பிடுகின்றது. நாட்டின் தலையாய சட்டநூலில் ஓட்டல் என்னும் சொல் இடம்பெற்றது எளிய செய்தியன்று. நாடு விடுதலை பெற்றபின் குடிமகன் பெற்ற உரிமைகளுள் ஒன்று, புதிய ஊரில் ஒரு விடுதியின் வாசலைத் தலைநிமிர்ந்து கடக்கும் உரிமை.

சத்திரம் குலம் கேட்டது. மன்றம் நிறம் கேட்டது. ஓட்டல் காசு கேட்கிறது. காசு கேட்பது சிறந்த அறம் என்று யாரும் கூறார். ஆயினும் குலமும் நிறமும் பிறப்போடு வருபவை. எவ்வளவு உழைத்தும் மாற்றவியலாதவை. காசு உழைத்து ஈட்டக்கூடியது. இவ்வகையில் விலைப்பட்டியலும் ஒரு காலத்தில் விடுதலைப் பத்திரமாய் இருந்தது என்பதை மறுக்கவியலாது. அன்றியும், இன்றும் வீடு வாடகைக்குக் கேட்கும்போது ‘நீங்கள் என்ன ஆட்கள்?’ என்ற வினாவைச் சந்திப்போர் உளர். அவ்வினா எழாத இடம் ஒன்று இருத்தல் எத்துணை ஆறுதல் என்பது அதனால் புண்பட்டோர்க்கே தெரியும்.

இழந்தவையும் பேணுபவையும்

டி ஏஞ்சலிஸ் இன்றில்லை. தாசப்பிரகாஷ் இடிக்கப்பட்டது. இராயப்பேட்டை உட்லண்ட்ஸ் நினைவாயிற்று. 1984இல் தாஜ் குழுமத்திடம் சென்ற கன்னிமாரா, விரிவான புதுப்பிப்புக்குப் பின் 2018இல் மீண்டும் திறக்கப்பெற்றது. கிண்டியில் 2012இல் திறக்கப்பெற்ற பெருவிடுதி ஒன்று சோழர் பெயரையே தாங்கி, கோயில் மண்டபத்தை ஒத்த தூண்களோடு நிற்கின்றது. பழைய விடுதிகள் மேனாட்டு உருவத்தில் நம் உணவைத் தந்தன; புதிய விடுதிகள் நம் உருவத்தில் உலகத்து உணவைத் தருகின்றன.

இழந்தவற்றுள் தாசப்பிரகாஷும் உட்லண்ட்ஸும் தனியே எண்ணத்தக்கவை. பழமைப் பாதுகாப்பு என்றவுடன் நம் கண் ஆளுநர் மாளிகைகளையும் சமீன் அரண்மனைகளையுமே நாடுகின்றது. நடுத்தர மனிதன் முதன்முதலாகத் தலைநிமிர்ந்து நுழைந்த கட்டடங்கள் வெறும் ஓட்டல்கள் என்ற எண்ணத்தால் எவ்வித ஆவணமுமின்றி மறைகின்றன. ஒரு கட்டடத்தின் வயதையும் அழகையும் மட்டும் அளந்தால் போதாது. அதன் வாசல் யாருக்கெல்லாம் திறந்தது என்பதையும் அளத்தல் வேண்டும். அவ்வாறு அளந்தால், ஆளுநர் பெயர் தாங்கிய கட்டடத்தினும் அடுக்களைச் சிறுவன் ஒருவன் வளர்ந்து கட்டிய கட்டடம் வரலாற்றுச் சிறப்பில் தாழ்ந்ததாகாது.

1928இல் மதுரையிலிருந்து போடிநாயக்கனூருக்கு வந்த இரயில், உலகப்போரின்போது தண்டவாளம் பெயர்க்கப்பட்டு நின்று, 1950களில் மீண்டும் ஓடி, 2010 இறுதியில் அகலப்பாதைப் பணிக்காக நின்று, 2023 சூனில் திரும்பிவந்தது. இப்போது போடியில் ஏறுபவர் சென்னை சென்ட்ரலிலேயே இறங்கலாம். நிலையத்துக்கு எதிரே, பத்தொன்பதாம் நூற்றாண்டில் சர் சவலை இராமசாமி முதலியார் பயணிகட்கென நிறுவிய சத்திரத்தின் இடம் உண்டு. இறங்குபவர்கள் அதனையும் ஒருகணம் நோக்குதல் வேண்டும்.

நம் அடிவாரத்து ஊர்களிலும் சாவடிகளும் மடங்களும் சுமைதாங்கிக் கற்களும் எஞ்சியுள்ளன. சாலை அகலமாகும்போது முதலில் பெயர்க்கப்படுபவை அவையே. பத்தாண்டு நிறைவு காணும் நம் வட்டத்தின் உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் ஊரில் ஒன்றேனும் தேடிக் கண்டு, யார் கட்டியது, எப்போது கட்டியது என்பவற்றோடு, யார் அங்கே அமர்ந்தனர், யார் அமர இயலாமல் தள்ளி நின்றனர் என்பதையும் முதியோரிடம் கேட்டு எழுதிவைத்தல் வேண்டும். முன்னிரு வினாக்களுக்கும் விடை கல்லில் கிடைக்கக்கூடும். பின்னிரு வினாக்களுக்கு விடை முதியோர் நினைவில் மட்டுமே உள்ளது. அவர்கள் இருக்கும்போதே அதனைக் கேட்டுப் பெறுதல் நம் கடன்.